நீங்கள் பார்த்தது பாதிக் கடல்தான்!

ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் இராமேசுவரத்துக்குக் கிளம்பிவிடுகின்றன. அப்பா, அம்மா, ஆச்சி, சித்தப்பா பிள்ளைகள் என்று வேன் நிறைய ஆட்கள். கூடவே ஒரு தூக்குப் புளியோதரை. சில வீடுகளில் இது ஆண்டு தவறாத வழக்கம். காலையில் அக்கினி தீர்த்தத்தில் குளியல், பிறகு கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம், வெயில் தாழ்ந்ததும் தனுஷ்கோடி. நீங்களும் அப்படிப் போய் வந்தவராக இருக்கலாம்.

அப்படியானால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். தனுஷ்கோடி சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் கடல் தெரியும். நடுவில் இருப்பது ஒடுங்கிய மணல் திட்டுதான். இடப்பக்கத்துக் கடல் குளம்போலக் கிடக்கும். வலப்பக்கத்துக் கடலோ நுரை தள்ளிக் கரையை அறைந்துகொண்டிருக்கும். ஒரே வெயில், ஒரே வானம், ஒரே காற்று. ஆனால் கடல் மட்டும் இரண்டு விதம்!

"இது பெண் கடல், அது ஆண் கடல்" என்று வேன் ஓட்டுநர் சொல்லியிருப்பார். இது அந்தப் பகுதி மக்கள் வழங்கும் பெயர்தான். இடப்பக்கம் இருப்பது பாக் விரிகுடா. வலப்பக்கம் இருப்பது மன்னார் வளைகுடா. ('பாக்' என்றதும் வெற்றிலை பாக்கை நினைத்துவிடாதீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் சென்னையில் ஆளுநராக இருந்த இராபர்ட் பால்க் என்னும் ஆங்கிலேயரின் பெயர் அது.) அமைதியாக இருந்தால் பெண், ஆர்ப்பரித்தால் ஆண் என்பது எனக்கு அவ்வளவு பொருத்தமாகத் தோன்றவில்லை, பல வீடுகளில் நிலைமை வேறுவிதமாக இருப்பதை நீங்களே அறிவீர்கள். அது போகட்டும். நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு.

மார்கழி மாதத்தில் இதே சாலையில் வந்து நின்றால் என்ன தெரியும்?

பெரும்பாலான நாட்களில் காட்சி இடம் மாறியிருக்கும்! குளம்போலக் கிடந்த பாக் விரிகுடா கலங்கிக் கொந்தளிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். பெண் கடலும் ஆண் கடலும் பெயரை மாற்றிக்கொண்டதுபோல் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் மட்டும் வந்து போகிறவருக்கு இது தெரியவே தெரியாது. பத்து ஆண்டுகள் வந்திருந்தாலும் அவர் பார்த்தது பாதிக் கடல்தான்.

தெப்பக்குளம் சொல்லும் பாடம்

இதற்குக் காரணம் என்ன? கடலுக்குப் போகுமுன் உங்கள் ஊர்த் தெப்பக்குளத்துக்குப் போவோம். காற்று நன்றாக வீசும் ஒரு மாலை நேரத்தில் குளத்தின் நான்கு கரைகளையும் சுற்றி வாருங்கள். காற்று தெற்கிலிருந்து வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். தென்கரைப் படியோரம் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும். நடுக்குளத்தில் சிற்றலைகள் தெரியும். வடகரைப் படிகளிலோ தண்ணீர் 'சளப் சளப்' என்று மோதிக்கொண்டிருக்கும். குளம் ஒன்று, காற்று ஒன்று; கரைக்குக் கரை அலை வேறு!

காற்று நீரின்மேல் உரசிக்கொண்டு ஓடும்போது தன் ஆற்றலில் சிறிதளவை நீருக்குக் கொடுக்கிறது. அதுதான் அலையாகிறது. தென்கரையை விட்டுப் புறப்பட்ட காற்று இப்போதுதான் நீரைத் தொட்டிருக்கிறது. இன்னும் எதுவும் கொடுக்கவில்லை. குளத்தைக் கடந்து வடகரையை அடைவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அலையை வளர்த்துவிடுகிறது. ஆகவே, அலையின் உயரம் மூன்றைப் பொறுத்தது: காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது, எவ்வளவு நேரம் வீசுகிறது, தடையில்லாமல் நீரின்மேல் எவ்வளவு தூரம் ஓடி வருகிறது. மூன்றாவதைக் 'காற்றோட்டத் தூரம்' என்று சொல்லலாம். தென்கரைக்குக் காற்றோட்டத் தூரம் பூஜ்யம். வடகரைக்குக் குளத்தின் முழு நீளம்.

இப்போது தனுஷ்கோடிக்குத் திரும்புவோம். சித்திரை, வைகாசியில் அங்கே காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் அது இன்னும் வலுக்கும். கடலோர மக்கள் கச்சான் என்று சொல்வது இந்தப் பக்கத்துக் காற்றைத்தான். இந்தக் காற்று மன்னார் வளைகுடாவின்மேல் நெடுந்தூரம் ஓடிவந்து மணல் திட்டின் தென்கரையில் மோதுகிறது. பிறகு மணலைத் தாண்டி வடபக்கம் இறங்குகிறது. அங்கே அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. அதாவது, பாக் விரிகுடாவின் இந்தக் கரை நம் தெப்பக்குளத்தின் தென்கரையைப் போன்றது. சட்டை படபடக்கும் காற்றிலும் அங்கே கடல் அசையாமல் கிடப்பது இதனால்தான்.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும்போது எல்லாம் தலைகீழாகிறது. கார்த்திகையிலும் மார்கழியிலும் வீசும் வாடைக்காற்று பாக் விரிகுடாவைக் கடந்து வந்து வடகரையில் மோதும். தென்கரை இப்போது காற்றுக்கு மறைவான கரை.

இதையெல்லாம் மீனவர்கள் எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் தெரிந்து வைத்திருக்கிறார்கள். தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பவர்கள் காற்றுத் திரும்பும்போது தாங்களும் ஒரு கரையை விட்டு மறு கரைக்கு மாறிவிடுவார்கள். நமக்கு அது ஆணா பெண்ணா என்ற வேடிக்கைப் பேச்சு. அவர்களுக்கோ எந்த மாதம் எந்தக் கடலில் சோறு கிடைக்கும் என்ற கணக்கு.

தாம்பாளமும் கிணறும்

காற்று மட்டும்தான் வித்தியாசம் என்றால் இரண்டு கடலும் ஆளுக்கு ஆறு மாதம் என்று முறை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் சரிபாதியாக நடப்பதில்லை. பாக் விரிகுடா கொந்தளிப்பதற்கும் மன்னார் வளைகுடா கொந்தளிப்பதற்கும் வேறுபாடு உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஆழத்தைப் பார்க்க வேண்டும்.

பாக் விரிகுடா மிக ஆழம் குறைந்த கடல். பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டருக்கும் குறைவு. ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் மொட்டை மாடியில் நனையாமல் நிற்கலாம்! மன்னார் வளைகுடா அப்படியன்று. கரையோரம் ஆழம் குறைவாக இருந்தாலும் தெற்கே போகப் போக 1,000 மீட்டருக்கும் மேல் இறங்கிவிடுகிறது. ஒன்று தாம்பாளம் என்றால் மற்றது கிணறு.

இரண்டுக்கும் நடுவே ஒரு வேலியும் இருக்கிறது. தனுஷ்கோடி முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல் தீடைகள் வரிசையாகக் கிடக்கின்றன. சேது என்றும் இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் அழைக்கப்படுவது இதுதான். சில இடங்களில் அங்கே ஆள் உயரம்கூட ஆழம் கிடையாது. தெற்கேயிருந்து வரும் பெரிய அலை இந்த மேட்டில் இடறி உடைந்துவிடும். கிழக்கே இலங்கையே ஒரு பெரிய மதிலாக நின்று வங்காள விரிகுடாவின் அலைகளில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. ஆகவே பாக் விரிகுடா ஏறக்குறைய முற்றம் அடைத்த வீடு. அதன் அலைகள் அந்த வீட்டுக்குள்ளேயே பிறந்தவை, குட்டையானவை, அடுத்தடுத்து வருபவை.

தெற்கே என்ன தடை இருக்கிறது? தேசப்படத்தை எடுத்துத் தனுஷ்கோடியிலிருந்து நேர் தெற்கே அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுங்கள். கோடு இலங்கையின் மேற்குக் கரையை ஒட்டினாற்போலத் தப்பித்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு அது நிலத்தைத் தொடுவது எங்கே தெரியுமா? அண்டார்க்டிகாவில்! 8,000 கிலோமீட்டருக்கு மேல் வெறும் தண்ணீர். வலப்பக்கத்துக் கடலை நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது உங்களுக்கு எதிர்வீடு பனிக்கண்டம்.

இது வெறும் வேடிக்கைச் செய்தி அன்று. தென்கோடிக் கடலில் புயல்கள் அடிக்கடி உருவாகின்றன. அவை எழுப்பும் அலைகள் புயலை விட்டு விலகி, காற்றே இல்லாத கடல்களின் வழியாகவும் பயணம் செய்யும். நெடுந்தூர அலைகளுக்கு இடையே உள்ள நேர இடைவெளி அதிகம். ஆழக்கடலில் ஓர் அலையின் வேகத்தைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட விநாடிகளை 1.56-ஆல் பெருக்கினால், விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 14 விநாடி அலை என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர். ஆனால் அலைக்கூட்டம் முழுவதுமாக முன்னேறுவது இதில் பாதி வேகத்தில்தான். மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நாளுக்கு 950 கிலோமீட்டர். 7,000 கிலோமீட்டர் தொலைவில் கிளம்பிய அலை ஒரு வாரத்தில் நம் கரைக்கு வந்துவிடும். இங்கே வானம் தெளிவாக இருக்கும்; காற்றும் இருக்காது. திடீரென்று கடல் எழும். மலையாளக் கரையில் இதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்!

2024-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தனர். அந்த நாட்களில் வந்தவை இத்தகைய நெடுந்தூர அலைகள்தாம். ஐதராபாத்தில் இருக்கும் 'இன்காய்ஸ்' என்னும் தேசியப் பெருங்கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. மன்னார் வளைகுடாவும் அதே பெருங்கடலை நோக்கித் திறந்த கதவுதான். ஆகவே வாடைக்காலத்தில் தென்கரை அடங்கியிருந்தாலும் அது முழுவதும் உறங்கிவிட்டது என்று நம்பக்கூடாது.

சாலை முடியும் அரிச்சல்முனையில் குளிக்கக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. அங்கே இரண்டு பக்கத்து நீரும் சந்திக்கிறது, நீரோட்டமும் வலுவானது, காலடி மணலும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிறது. போன ஆண்டு முழங்கால் ஆழம் இருந்த இடம் இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எந்தக் கடற்கரையிலாவது நீர் உங்களை உள்ளே இழுத்தால், கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டு ஓய்ந்துபோகாதீர்கள். அப்படி இழுக்கும் ஓட்டம் பெரும்பாலும் அகலம் குறைந்தது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அதிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

அமைதியான கடல் எழுந்த இரவு

இனிக் குளம்போலக் கிடக்கும் இடப்பக்கத்துக் கடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆழம் குறைவு என்பதால் அது ஆபத்தில்லாதது என்று தோன்றும். பெரும்பாலான நாட்களில் அது உண்மையே. ஆனால் புயல் நாளில் அந்த ஆழக்குறைவே ஆபத்தாகிவிடும்.

வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு தாம்பாளத்தில் மெல்லிய படலமாகத் தண்ணீர் விட்டு ஓர் ஓரத்திலிருந்து பலமாக ஊதுங்கள். நீர் எதிர் ஓரத்துக்கு ஓடி அங்கே குவியும். ஊதிய பக்கம் தாம்பாளம் காய்ந்து தெரியும். இப்போது ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து அதே பலத்தோடு ஊதுங்கள். மேலே சிற்றலை எழுமே தவிர நீர் குவியாது. ஆழமான வாளியில், மேலே தள்ளப்படும் நீர் அடிப்பக்கமாகத் திரும்பி வந்துவிடுகிறது. தாம்பாளத்தில் திரும்பி வர இடமேது? புயற்காற்று ஆழமில்லாத கடலைக் கரைமேல் தள்ளும்போதும் இதுதான் நடக்கிறது. அலைகள் மட்டும் உயர்வதில்லை, கடல்மட்டமே உயர்ந்துவிடுகிறது. உயர்ந்த கடலின்மேல் அலைகள் ஏறிவருகின்றன. இதனைப் புயல் எழுச்சி என்பார்கள்.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்த கடும்புயல் இந்தத் தாம்பாளத்தில் இறங்கியது. அப்போது தனுஷ்கோடி ஓர் உயிருள்ள ஊர். இரயில் நிலையம், அஞ்சலகம், சுங்கச் சாவடி, தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் அங்கே இருந்தன. தலைமன்னாருக்குப் போகும் கப்பலும் அங்கேயிருந்துதான் புறப்பட்டது. அன்றிரவு பாம்பனிலிருந்து கிளம்பிய பயணி இரயில் தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் கடல் அதன்மேல் ஏறியது. இரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரே அழிந்தது. பிறகு அரசு அந்த இடத்தை மக்கள் வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. இன்று நீங்கள் ஓடிப் பிடித்து விளையாடுகிற அந்த இடிந்த சுவர்கள் அந்த ஊரின் மிச்சம். மீனவக் குடும்பங்கள் சில மட்டும் குடிசை போட்டு அங்கே இருந்துவருகின்றன.

மே மாதத்தில் கரையில் நின்று பார்க்கிறவரிடம், இந்தக் குளத்து நீரா ஓர் ஊரை விழுங்கியது என்றால் நம்பமாட்டார். அவர்மேல் குற்றமில்லை, அவர் பார்த்த மாதம் அப்படி.

ஒரு தபால்காரர் நாள்தோறும் காலை பதினொரு மணிக்கு ஒரு வீட்டுக்கு வருகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். வீடு எப்போதும் நிசப்தம். ஓர் ஆண்டு முழுவதும் வந்தும் அந்த வீட்டில் பிள்ளைகளே இல்லை என்று அவர் முடிவுசெய்தால் எப்படி இருக்கும்? முந்நூறு முறை பார்த்தும் என்ன பயன்? முந்நூறும் ஒரே நேரத்தில் அல்லவா! மே மாதத்து இராமேசுவரமும் அப்படித்தான். படகுத்துறைக்குப் போனால் விசைப்படகுகள் வரிசை வரிசையாகக் கட்டிக் கிடக்கும். "இந்த ஊர்க்காரர்கள் கடலுக்கே போகமாட்டார்களா?" என்று தோன்றும். மீன்கள் இனப்பெருக்கம் செய்ய வசதியாகக் கிழக்குக் கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. உங்கள் விடுமுறையும் அந்த விடுமுறையும் ஒன்றாக வருகின்றன. நிலம் காய்ந்து கிடப்பதைப் பார்த்து இங்கே மழையே பெய்யாது என்றும் நினைப்பீர்கள். இந்தத் தீவுக்கு வரும் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. அதையும் நீங்கள் பார்ப்பதில்லை.

பாம்பன் கால்வாயிலும் இதே கதைதான். 1914-இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தில் போக்குவரத்து 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. சாலைப் பாலத்திலிருந்து கீழே பார்த்தால் தூண்களை ஒட்டி நீர் சுழித்து ஓடுவது தெரியும். ஓதத்துக்கு ஏற்ப ஒரே நாளில் அது முன்னும் பின்னும் ஓடும் என்றாலும், தென்மேற்குப் பருவத்தில் மொத்தக் கணக்கில் நீர் மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் விரிகுடாவுக்குப் போகிறது. வாடைக்காலத்தில் திசை மாறுகிறது. நீரோடு மணலும் போகிறது, வருகிறது. அரிச்சல்முனையின் நுனி ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு வடிவில் இருப்பதில் வியப்பில்லை.

நீங்களே அளக்கலாம்

அடுத்த முறை போகும்போது ஒரு குறிப்பேடும் விநாடி முள் உள்ள கடிகாரமும் எடுத்துச் செல்லுங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். மணலில் நின்றாலே போதும். முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். கையில் உலர்ந்த மணலை எடுத்து மெல்ல உதிர்த்தால் தெரிந்துவிடும். பிறகு இடப்பக்கக் கரையில், நீரில் அசையாமல் நிற்கும் ஒரு கம்பையோ பாறையையோ குறி வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு முகடு தொடும்போது 'பூஜ்யம்' என்று எண்ணத் தொடங்கிப் பத்தாவது முகடு தொடும்வரை எத்தனை விநாடி ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பத்தால் வகுத்தால் ஓர் அலைக்கான நேரம் கிடைக்கும். சாலையைக் கடந்து வலப்பக்கக் கரையிலும் இதையே செய்யுங்கள். அங்கே குறி வைக்க எதுவும் இல்லையென்றால் அலை உடையும் இடத்தையே குறியாகக் கொள்ளலாம். ஒரு முறை எண்ணியதை நம்பாமல் மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள். இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்றாக அலை வந்தால் அது அருகிலேயே பிறந்த குழந்தை. பத்து விநாடிக்கு மேல் என்றால் அது வெகுதூரம் பயணம் செய்து வந்த விருந்தாளி.

கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், "ஐயா, மார்கழியில் எந்தப் பக்கம் வலை போடுவீர்கள்?" என்று கேட்டு அவர் சொல்லும் பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள். காற்றுகளுக்கு அவர் சொல்லும் பெயர்கள் உங்கள் பூகோளப் புத்தகத்தில் உள்ளவற்றைவிட அதிகமாக இருக்கும்.

குறிப்பேட்டில் பக்கத்தின் மறுபாதியைக் காலியாக விடுங்கள். டிசம்பர் கடைசியில் அரையாண்டுத் தேர்வு விடுமுறை வருகிறது. அப்பாவிடம் சொல்லி ஒரே ஒரு முறை அந்த விடுமுறையில் போய்ப் பாருங்கள். கிளம்புமுன் வானொலியில் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இல்லையென்றால், அதே இடத்தில் நின்று, அதே போல இரண்டு கரையிலும் பத்து அலைகளை எண்ணிக் காலியாக விட்ட இடத்தை நிரப்புங்கள்.